வாலாட்டுற வண்டி

விக்கறதுக்கு இல்லீங்க.

காதுல விழுந்துச்சுங்களா? விக்கறதுக்கு இல்ல. வத்தலக்குண்டுல இருந்து மூணு பஸ்ஸு மாறி சூலூரு வரைக்கும் வந்திருக்கறீங்க, புருசனும் பொண்டாட்டியுமா. பாவமாத்தான் இருக்குது. பேரென்ன சொன்னீங்க, சன்னாசியா? உக்காருங்க சன்னாசியண்ணா, தண்ணி குடிங்க, டீ வேணும்னா சொல்லியுடறேன். ஆனா வண்டி விக்கறதுக்கு இல்ல.

காட்டுங்க அந்த போனை. அட, ஆமா. என்ற வண்டிதான். என்ற ஷெட்டுதான். பின்னால கொடியில காயுதே, அது என்ற லுங்கிதான். என்ன எழுதியிருக்குது, நீங்களே படிங்க. நான் எட்டாவதோட நின்னவன், அந்தப் பொடி எழுத்து நமக்கு ஓடாது. "டிரெய்லர் விற்பனைக்கு. முன்னால் படுக்கை, பின்னால் பைக் ஏற்றலாம். தொடர்புக்கு கோகிலவாணி." கோகிலவாணி! பெரிய மில்லு மொதலாளியாட்டம்! என்ற பேரு எங்கயாச்சும் இருக்குதுங்களா? கீழ பாருங்க. இல்ல. அறுத்து, ஒட்டி, ராவி, பெயிண்ட் அடிச்சவன் நானு. என்ற லுங்கிக்கு எடம் குடுத்தவ எனக்குக் குடுக்கல.

ஆருன்னா கேக்கறீங்க? என்ற ஊட்டுக்காரிங்க. ஏழு மாசமா கோபியில அவ அக்கா ஊட்டுல இருக்கறா. சண்டையா? சண்டையெல்லாம் இல்லீங்க. சண்டை போட்டாக் கூட என்ன ஏதுன்னு தெரியும். இது பேசாம போனது.

விக்கறதுக்கு அவளுக்கு என்ன உரிமைன்னு நீங்க கேக்கோணும். கேக்க மாட்டீங்க, நானே சொல்றேன். ஆர்சி புக்கு அவ பேருல இருக்குது. அது ஆரு பண்ண வேலை? ஜோசியரு பண்ண வேலை. இதுக்கு முன்னால ரெண்டு வண்டி வெச்சிருந்தேன், ரெண்டும் பள்ளத்துல எறங்கிருச்சு. ஜோசியரு கட்டத்தைப் பாத்துட்டு, மூக்குலயே பேசுவாரு அந்தாளு, "தம்ம்பீ... உன்ற பேருல சக்கரம் வெச்சது எதுவும் நிக்காது தம்ம்பீ... அம்மிணி பேருல எழுதீரு"ன்னாரு. எழுதினேன். அதைப் புடிச்சுக்கிட்டு இன்னைக்கு விளம்பரம் குடுக்கறா. கோவம் வருமா வராதா, நீங்களே சொல்லுங்க.

சரி, வந்தது வந்துட்டீங்க. வெளிய நின்னு ஒரு பார்வை பாத்துட்டுக் கெளம்புங்க. உள்ள வேண்டாம். உள்ள ஒண்ணுமில்ல, எல்லாம் துரு. மழை பேஞ்சா கோழி வாடை வேற அடிக்கும். ஏனுங்க அம்மிணி, அந்தக் கதவை அப்படி இழுக்காதீங்க! அது அப்படித் தொறக்காது. மொதல்ல மேல தூக்கோணும், அப்பறம் இழுக்கோணும். தூக்குங்க. ஆங்! பாத்தீங்களா? எந்தக் குழியில விழுந்தாலும் தானாத் தொறக்காது. கடையில வாங்குன தாப்பா இல்லீங்க. கேட்டுக்குப் போடற கொண்டியைத் தலைகீழா வெச்சு, உள்ள ஒரு ஸ்பிரிங்கு. நானே ரோசனை பண்ணுனது. கிரில்லு, கேட்டு, ஷட்டரு, இதுதானுங்க நம்ம பொழப்பு.

தொறந்தது தொறந்தாச்சு, ஏறிப் பாருங்க. செருப்போடயே ஏறுங்க. விக்கறதுக்கு இல்ல, அதை மட்டும் மனசுல வெச்சுக்கங்க.

கோழி வாடை எப்படின்னா, இது மொதல்ல கோழி வண்டிங்க. பல்லடத்துல ஒரு பண்ணைக்காரரு வெச்சிருந்தாரு. பதினாறடி நீளம், ரெண்டே சக்கரம், பிக்கப்புக்குப் பின்னால மாட்டி இழுக்கறது. அந்தாளு பேசுனா ஒரு வார்த்தைக்கும் இன்னொரு வார்த்தைக்கும் நடுவுல டீ குடிச்சுட்டு வந்துரலாம். "அண்ணே... ஒரு கோழி கூட... இதுல... கஷ்டப்பட்டதில்லண்ணே..." கோழி கஷ்டப்பட்டுச்சா இல்லையான்னு இவரு கேட்டாராக்கு! வாங்கிட்டு வந்து ஏழு தடவை கழுவினேன். சோப்புத்தூளு, மஞ்சத்தூளு, டெட்டாலு, எல்லாம் போட்டுக் கழுவினேன். அப்பவும் மழை வந்தா வாடை வரும். கோகிலவாணி மூக்கை உறிஞ்சுட்டு, "ஏனுங்க, இன்னைக்கு பிராய்லரா, நாட்டுக்கோழியா?"ம்பா. வாயி அவளுக்கு. என்னையே மிஞ்சற வாயி.

எதுக்கு இந்த வேலைன்னு கேக்கறீங்களா? போன்ல ஒரு வீடியோ பாத்தனுங்க. வெள்ளைக்காரன் ஒருத்தன், தாடி வெச்சுக்கிட்டு, புஸ்ஸு புஸ்ஸுன்னு என்னமோ பேசறான். அவனோட டிரெய்லருல பின்கதவைச் சாச்சா அதுவே ஏத்தப் பலகை. பைக்கை உருட்டி உள்ள ஏத்திடறான். நடுவுல ஒரு செவுரு. செவுத்துக்கு முன்னால பாத்தா கட்டிலு, அடுப்பு, ஜன்னலுக்குத் திரை. ஊடே கூட வருது! ராத்திரி பூராவும் அதையே பாத்தேன். அவன் என்ன சொல்றான்னு ஒரு எழவும் புரியல, ஆனா வெல்டிங்கு புரிஞ்சுது. அவன் ஒட்டுன ஒட்டுக்கு என்ற ஒட்டு ஒண்ணும் கொறைச்சல் இல்ல.

ஏன்னா நானு ரேஸு ஓட்டறவன். சிரிக்காதீங்க. மண்ணு ரேஸு. காட்டுக்குள்ள மேடு பள்ளம் வெட்டி உடுவாங்க, அதுல பைக்கு ஓட்டறது. நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல இருக்கறவங்களுக்குன்னு தனியா ஒரு ஓட்டம் உண்டு. அதோ, வண்டிக்குள்ள பின்பக்கம் நிக்குது பாருங்க, பழைய டூ-ஸ்ட்ரோக்கு பைக்கு. மயிலைன்னு பேரு வெச்சிருக்கறேன், நரை மாட்டு நெறம். ஜெயிச்சிருக்கறனான்னா, கடைசியா மட்டும் வந்ததில்ல. கடைசிக்கு முந்தி வந்திருக்கறேன். மைக்குல ஒருத்தன் பேசுவான் பாருங்க, அவன் வாயில மண்ணைப் போடோணும். "அடுத்து வருபவர் சூலூர் திருமூர்த்தி... வந்து கொண்டிருக்கிறார்... இன்னும் வந்து கொண்டிருக்கிறார்... அன்பர்கள் யாரும் கலைய வேண்டாம், வந்து விடுவார்..." சனமெல்லாம் சிரிக்கும். கோகிலவாணியும் சிரிப்பா. பரவால்ல. சிரிச்சா நமக்கும் சந்தோசம்தான்.

இந்தச் செவுத்தைத் தட்டிப் பாருங்க. தட்டுங்க, சும்மா. உள்ள தெர்மாகோலு, ரெண்டு பக்கமும் பிளைவுட்டு, மேல தகரம். பைக்கு சூடு இந்தப் பக்கம் வராது, பெட்ரோலு வாசம் வராது. கீழ ஷட்டரு ஓடற மாதிரி தண்டவாளம் வெச்சிருக்கறேன். எட்டு போல்ட்டைக் கழட்டினா செவுத்தையே முன்னயும் பின்னயும் தள்ளலாம். அந்த வெள்ளைக்காரன் கிட்டயே கெடையாதுங்க இது!

மொதல்ல வெச்சப்ப அவ கிட்டக் கேட்டுத்தான் வெச்சேன். பொய் சொல்லல. முன்னால ஒம்பதடி அவளுக்கு, பின்னால ஏழடி பைக்குக்கு. அவ பக்கம் ஒரு பீரோ, ஆறரை அடிக் கட்டிலு, எதுத்தாப்பல அடுப்பு மேடை. மேடைக்கு மேல ஒரு ஜன்னலு. ஜன்னலுப் பலகை வெளிப்பக்கமா மடங்கி மேசையாட்டம் நிக்கும். அது அவ கேட்டது. "காத்து வரட்டும், நாலு பேரு டீ குடிக்க டம்ளரு வெக்க எடமாச்சு"ன்னா. நானும் செஞ்சு குடுத்தேன். எவன் கண்டான், அதுல கடை போடுவான்னு!

ஆமாங்க, கடை. மொத ரேஸுக்கு எனக்கு மட்டும் போண்டா சுட்டா. பக்கத்துல நின்ன ஒருத்தன், "அக்கா, ஒண்ணு கெடைக்குமா"ன்னான். அடுத்த ரேஸுக்கு பத்துப் பேரு. அதுக்கடுத்து வரிசை. உடுமலைக்காரன், ஈரோட்டுக்காரன், கேரளாவுல இருந்து வந்த பசங்க, எல்லாரும் ஜன்னலுக்கு முன்னால. "சேச்சீ, ரெண்டு போண்டா... சேச்சீ, சட்னி கொறச்சு..." நான் பின்னால பைக்கைத் தொடைச்சுக்கிட்டு நிக்கறேன். ஒருத்தனாச்சும் பின்பக்கம் வந்து, "அண்ணே, இந்த ஏத்தப் பலகை நீங்களே செஞ்சதா"ன்னு கேக்கோணுமே? கேக்கலீங்க! இவ்வளவு வேலை செஞ்சிருக்குது, பயலுக போண்டாவைப் பாக்கறானுக. கோவம் வருமா வராதா?

அது கெடக்கட்டும். நான் செவுத்தை நகத்துனது அதனால இல்ல. அதனாலன்னு அவ சொல்லுவா, அவ அக்கா சொல்லுவா. காரணம் வேற. வண்டி வாலாட்டுச்சுங்க.

வாலாட்டுறதுன்னா, பிக்கப்பு நேராப் போகுது, பின்னால டிரெய்லரு மட்டும் இப்படி ஒருக்கா, அப்படி ஒருக்கா, நாய் வாலாட்டம் வீசும். தாராபுரம் ரோட்டுல அம்பதுல போறேன், கண்ணாடியில பாக்கறேன், டிரெய்லரு எனக்கு டாட்டா காட்டுது. கோகிலவாணி பக்கத்துல உக்காந்து ரெண்டு கையிலயும் பிடிச்சுக்கிட்டு, "முருகா, முருகா, ஏனுங்க மெதுவா, முருகா"ங்கறா. முருகனைக் கூப்பிடறாளா என்னைத் திட்டறாளான்னே தெரியல. எறங்கிப் பாத்தா விசயம் புரிஞ்சு போச்சு. பாரம் பின்னால எச்சா இருக்குது. பைக்கு சக்கரத்துக்குப் பின்னால நிக்குது, அது பின்னால அமுத்துது, முன்பக்கம் தூக்குது. இதுக்கு என்ன பண்ணோணும்? பைக்கை முன்னால தள்ளோணும். பைக்கு முன்னால வரோணும்னா செவுரு முன்னால வரோணும். ஒரே ஒரு அடி. பீரோ போச்சு. பீரோவுல என்ன இருந்துச்சு, நாலு சீலை. அதைக் கட்டிலுக்கு அடியில வெச்சுக்கலாம்ல?

செவுரு முன்னால போனதும் பைக்குக்குப் பின்னால ஒரு அடி காலி. சும்மா கெடக்குது எடம். சும்மா கெடந்தா நமக்குப் புடிக்காதுங்க. டூல் பெட்டியை வெச்சேன், உபரி டயரு ரெண்டு வெச்சேன். அடுத்த ரேஸுக்குப் போறேன், பழனி ரோட்டுல மறுபடியும் வாலாட்டுது! எப்படிங்க? செவுத்தை நகத்தியாச்சே! அந்தக் கோழிக்காரன் ஏமாத்திப் போட்டான்னு அவனை போன்ல புடிச்சு நல்லா நாலு கேட்டேன். "அண்ணே... கோழி இருந்தப்ப... ஆடலையேண்ணே..."ங்கறான். ஊட்டுக்கு வந்து இன்னொரு அடி தள்ளினேன்.

கதவுகிட்ட ஏறி நிக்க எடம் வேணுமில்ல, அதுக்குக் கட்டிலை ஒரு அடி அறுக்க வேண்டியதாப் போச்சு. அஞ்சரை அடி. அவ அஞ்சடி ஒண்ணு. பத்தாதுங்களா? கணக்கு சரியாத்தான இருக்குது? அதுக்கு அவ, "எனக்குத் தலகாணி வேண்டாமாங்க? இல்ல, கழுத்தைக் கழட்டி வெச்சுட்டுப் படுக்கட்டுமா?"ங்கறா. நான் எங்க படுப்பேன்னு கேக்கறீங்களா? நான் அந்தக் கட்டில்ல படுத்ததில்லீங்க. பைக்குப் பக்கத்துல பாய் போட்டுப் படுத்துக்குவேன். பைக்குக்குக் காவலு வேணுமில்ல?

ரெண்டாவதாக் கெடைச்ச அடியில கம்ப்ரசரை வெச்சேன், டயருக்குக் காத்தடிக்க. நல்ல கம்ப்ரசரு, எரும மாட்டு கனம். மறுபடியும் ஆடுச்சு. மூணாவது அடி, கதவுகிட்ட இருந்த எடமும் போச்சு. அப்பத்தான் செவுரு வந்து ஜன்னலுக்கு நட்ட நடுவுல நின்னுருச்சு. அவ பக்கம் பாதி ஜன்னலு, பைக்குப் பக்கம் பாதி ஜன்னலு. ஒரு கண்ணு, ஒரு காது, ஒரு மூக்குத்தி, அவ்வளவுதான் வெளிய தெரியும். அந்தப் பாதி மூஞ்சியை வெச்சுக்கிட்டே கடை போட்டாளுங்க! பயலுக பாதி ஜன்னல்ல வரிசை கட்டறானுக! மீதிப் பாதியில என்ற மயிலையோட ஹேண்டில்பாரு தெரியுது. அதை ஒருத்தனும் பாக்கல.

அப்பறம் நான் ஜன்னலை மூடினேன். தகரம் வெச்சு ஒட்டிட்டேன். தூசி வருதுங்க! கார்புரேட்டருக்குத் தூசி ஆகாது, எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்லுவான். கரூரு ரேஸுக்கு மொத நாளு, வெள்ளிக்கெழமை ஒட்டினேன். அவகிட்டச் சொல்லலையான்னா, சொல்ல நேரமில்ல. அவ அந்தப் பக்கம் மாவாட்டிக்கிட்டு இருந்தா. கரூருல நாப்பது பேருக்கு மத்தியானச் சோறும் வடையும் சொல்லியிருந்தானுகளாம், அதுக்கு.

காத்தால மைதானத்துல போய் வண்டியை நிறுத்தறேன். அவ ஜன்னலுக்குப் போறா. கையை வெக்கறா. தகரம். ஒட்டுன எடத்தை வெரலால தடவிப் பாத்தா. நல்ல ஒட்டுங்க, ஒரு பிசிறு இருக்காது. திரும்பி என்னைப் பாத்தா. நான் டயருக்குக் காத்தடிச்சுக்கிட்டு இருந்தேன். அடுப்பை வெளிய எடுத்துட்டுப் போயி, மொட்டை வெயில்ல கல்லு கூட்டி வெச்சு, நாப்பது பேருக்கும் ஆக்கிப் போட்டா. எனக்கும் ஒரு தட்டு கொண்டாந்து வெச்சா. ரசம் நல்லா இருந்துச்சு, ரெண்டாந்தடவை கூட வாங்கினேன். அப்படி ரசம் வெக்கறவ கோவமா இருக்கறான்னு எப்படிங்க தெரியும்? பாத்திரம் எல்லாம் கழுவிக் கவுத்தா. எப்பக் கூப்பிட்டாளோ, அவ அக்கா புருசன் லோடு ஆட்டோவுல வந்து எறங்கறாரு. சிலிண்டரு, அடுப்பு, கிரைண்டரு, ரெண்டு மூட்டை அரிசி, இரும்புச் சட்டி, எல்லாம் ஏத்தினா. ஏறி உக்காந்தா. போயிட்டா. மைக்குல அந்தப் பய, "திருமூர்த்தி அவர்கள் தயாராகவும்"ங்கறான்.

அதுல ஒரு சூழ்ச்சி இருக்குது கேளுங்க. அன்னைக்குத் திரும்பி வாரேன், வண்டி ஆடற ஆட்டம்! முன்ன ஆடுனதெல்லாம் ஆட்டமே இல்ல. காங்கயம் தாண்டறதுக்குள்ள மூணு எடத்துல நிறுத்தி வேர்வையைத் தொடைச்சேன். ஏன்னா முன்பக்கம் சுத்தமா பாரமில்ல. சிலிண்டரு, கிரைண்டரு, அரிசி மூட்டை, பக்கத்து சீட்டுல அவ, எல்லாம் முன்னால இருந்துச்சு, இப்ப ஒண்ணுமில்ல. வேணும்னே எடுத்துட்டுப் போயிட்டா! ஏழு மாசமா வண்டி ஷெட்டை உட்டு நகரல. ஒரு ரேஸுக்குப் போகல நானு. அவ போறா! லோடு ஆட்டோவுல அடுப்பை வெச்சுக்கிட்டு எல்லா ரேஸுக்கும் போறாளாம். மெக்கானிக்கு பிரான்சிஸு வந்து சொல்றான், "அண்ணே, அக்கா இப்ப பரோட்டாவும் போடறாங்க." இவன் எதுக்கு வந்து எங்கிட்டச் சொல்றான்? கோவம் வருமா வராதா?

ஏனுங்க, உங்க ஊட்டுக்காரம்மா எங்க? இங்கதான நின்னாங்க?

அம்மிணி! வண்டிக்கு அடியில என்னங்க பண்றீங்க? சீலையெல்லாம் மண்ணாகுது. எந்திரிங்க. என்னது? தேனீப் பெட்டி பின்னால ஏத்துவீங்களா? எத்தனை பெட்டி? அம்பதா! தேனோட சேத்தா நல்ல கனம் வருமே. அதெல்லாம் பின்னால வெச்சா இந்த வண்டி ஆடாம என்ன பண்ணும்? நாந்தான் சொன்னனே, இது உங்களுக்கு ஆகாது.

என்ன கேட்டீங்க?

மறுபடியும் கேளுங்க.

"அச்சைப் பின்னால நகத்திட்டா ஆடாதுல்ல"வா?

ஏனுங்க சன்னாசியண்ணா, இந்தக் கேள்வியை அவதான் உங்க சம்சாரத்துகிட்டச் சொல்லிக் குடுத்தாளா? இல்லையா? அடியில பாத்ததும் அவங்களுக்கே தோணுச்சா? எல்லாப் பொம்பளைகளும் அடியில பாத்ததும் இதைத்தான் சொல்லுவீங்களா?

தெரியுமுங்க. எனக்குத் தெரியாதா? இருவத்தாறு வருசமா இரும்புல கெடக்கறேன். பாரத்தை முன்னால தள்ளறதும் ஒண்ணுதான், சக்கரத்தைப் பின்னால தள்ளறதும் ஒண்ணுதான். அச்சு மேல இருக்கற ஸ்பிரிங்குப் பட்டையைப் புடிச்சிருக்கற நாலு பிராக்கெட்டை அறுத்து, பின்னால வெச்சு ஒட்டோணும். அரை நாளு வேலை. செவுத்தைத் தொட வேண்டாம், கட்டிலை அறுக்க வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.

அப்பறம் ஏன் நகத்தலைன்னா கேக்கறீங்க?

அவ சொல்லிப் போட்டாளுங்க!

மொத தடவை ஆடுச்சே, தாராபுரம், அன்னைக்கே. மைதானத்துல ஏழு பேரு நிக்கறோம், நானு, பிரான்சிஸு, இன்னும் அஞ்சு ரேஸுக்காரனுக. எல்லாரும் டிரெய்லரைச் சுத்தி நின்னு தாடியைச் சொறியறோம். இவ கையில சோத்துக் கரண்டியோட வாரா. வந்து, கரண்டியை ஒத்தை வெரல்ல நடுவுல வெச்சுக் காட்டறா. கிண்ணப் பக்கம் கனம், சாயுது. "இந்தக் கிண்ணம்தான் உங்க பைக்கு, என்ற வெரலு சக்கரம்"ங்கறா. வெரலைக் கிண்ணத்துப் பக்கம் கொஞ்சம் நகத்தறா. கரண்டி அப்படியே நிக்குது! "சோத்தை எதுக்குங்க நகத்தறீங்க, வெரலை நகத்துனா ஆச்சு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டா. பிரான்சிஸு வாயைப் பொளந்துட்டான். "அண்ணே, அக்கா சொல்றதுதாண்ணே கரெக்டு"ங்கறான். ஒருத்தன் கை தட்டறான்.

ஆறு பேருக்கு முன்னால! நான் என்ன பண்ணுவேன்? தோள்ல கெடந்த துண்டை எடுத்து சீலை முந்தானையாட்டம் போட்டேன். அவ கரண்டியை வாங்கினேன். அவளாட்டமே இடுப்பை ஒடிச்சு நடந்தேன். "ஏனுங்க, நாந்தானுங்க அச்சு எஞ்சினீயரு கோகிலவாணி, ரசத்துல புளி எச்சாயிருச்சுங்களா, அச்சைக் கொஞ்சம் பின்னால தள்ளுங்க, உப்பு பத்தலையா, டயரை மாத்துங்க"ன்னேன். உழுந்து உழுந்து சிரிச்சானுக. அவளும் சிரிச்சா, மொத தடவை. நல்லா சிரிச்சா. அதனாலதான அடுத்த ரேஸுலயும் செஞ்சேன். அதுக்கடுத்தும் செஞ்சேன். "அண்ணே, எஞ்சினீயரு பண்ணுண்ணே"ன்னு பயலுக கேப்பானுக. ரேஸுல கடைசிக்கு முந்தி வந்தாலும் அதுல நாந்தான் மொதல்ல. அவ ஜன்னலுக்குள்ள இருந்து பாத்துக்கிட்டு இருப்பா. அப்பறமா சிரிச்சாளா இல்லையான்னு நான் கவனிக்கல. பாதி மூஞ்சியில என்னங்க தெரியும்?

இப்ப சொல்லுங்க. அத்தனை பேரைச் சிரிக்க வெச்சுப் போட்டு, ஊருக்கு வந்து அவ சொன்ன மாதிரியே அச்சை நகத்தறதா? அவ சொன்ன பொறவு எப்படிங்க நகத்தறது? அவ சொல்லாம இருந்திருந்தா அன்னைக்கு சாயங்காலமே நகத்தியிருப்பேன்!

ஆருக்குங்க போன் பண்றீங்க? அவளுக்கா? வேண்டாம். வேண்டாங்கறேன். போடுங்க, போடுங்க, சத்தமா வையுங்க, நானும் கேக்கறேன். நான் இங்க நிக்கறேன்னு சொல்லாதீங்க.

...

கேட்டீங்களா? கேட்டீங்களா அவ பேசுனதை! பின்னால எண்ணெய் கொதிக்கற சத்தம் கேட்டுச்சுல்ல, கடையிலதான் இருக்கறா. "அவரு விக்க மாட்டேன்னுதான் சொல்லுவாரு. கதவு எப்படித் தொறக்குதுன்னு மட்டும் கேளுங்க, மீதியெல்லாம் அவரே காட்டிருவாரு." ஏனுங்க, நான் என்ன குரங்காட்டியா? நானாவா காட்டினேன்? நீங்க கதவைத் தப்பா இழுத்தீங்க, அதனால சொன்னேன்! சிரிக்காதீங்க சன்னாசியண்ணா. "ஆர்சி புக்கு எங்கிட்ட இருக்குது, வாரப்ப வாங்கிக்கங்க." அப்பறம் கடைசியில சொன்னா பாருங்க. "மெதுவா ஓட்டிட்டுப் போங்க, வண்டி ஆடும். அதுக்கு ஒரு வழி இருக்குது, அவருக்கும் தெரியும். செய்ய மாட்டாரு."

செய்ய மாட்டனாமா?

சாப்பிட்டாரான்னு ஒரு வார்த்தை கேட்டாளுங்களா? நீங்க சத்தமா வெக்கறதுக்கு முந்தி கேட்டிருந்தா சொல்லுங்க. கேக்கலையா? சரி, உடுங்க.

அந்தக் கம்பியைக் கொஞ்சம் அக்கட்டால எடுத்து வையுங்க. மயிலையை மொதல்ல எறக்கோணும். புடிங்க, மெதுவா, பலகையில வழுக்கும். ஆங். அது அந்த மூலையில நிக்கட்டும். இப்ப அந்த ஜாக்கியை எடுங்க, செவப்பு. இன்னொண்ணு லேத்துக்குப் பின்னால கெடக்குது. அம்மிணி, நீங்க தள்ளி நில்லுங்க, பொறி பறக்கும். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கங்க. நாலு பிராக்கெட்டு. இப்ப ஆரம்பிச்சா சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சுரும், நாளைக்குக் காத்தால பிக்கப்புல மாட்டி நானே வத்தலக்குண்டு வரைக்கும் கொண்டாந்து உடறேன். அம்பது பெட்டி வெச்சாலும் ஆடாது. ஆடுச்சுன்னா என்னைக் கூப்பிடுங்க.

அடியில சாக்பீஸுல எத்தனை அடி தள்ளிக் குறிச்சிருக்கறீங்க அம்மிணி? ரெண்டா? ரெண்டு எச்சுங்க. முன்பக்கம் ரொம்ப அமுத்தீரும். ஒண்ணே முக்காலு. எப்படித் தெரியும்னா... அவ அளந்து சொன்னதுங்க. தாராபுரத்துல, கரண்டியைத் திருப்பிக் குடுத்தப்ப. "ஒண்ணே முக்காலு போதும்"ன்னா. சாக்பீஸைக் குடுங்க, அதையே வெப்போம்.

ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். ஆர்சி வாங்கப் போறப்ப கேப்பா. அச்சை ஆரு நகத்துனான்னு கேப்பா. நீங்க நகத்துனதாச் சொல்லீருங்க.